சீல் ஐயாவின் காணாமல் போன குதிரைவலு

சீல் ஐயா சந்தேகப்படாத பொருள் இந்த மலைநாட்டில் ஒன்றுகூடக் கிடையாது. தராசைச் சந்தேகப்படுவார். தராசில் ஏறி நின்றுவிட்டுத் தன் உடம்பையே சந்தேகப்படுவார். கோயிலில் பூசாரி திருநீறு கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவார்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றில் அவர் டீமேக்கர். தேயிலை பெக்டரி முழுக்க அவர் பொறுப்பு. தேயிலை மூட்டைகளுக்கு சீல் வைத்துப் பழகிய கை வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. சீனி டின், அலுமாரி, தண்ணீர்த் தாங்கி என்று எல்லா மூடியிலும் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார். யாராவது திறந்தால் கோடு விலகும், ஆள் மாட்டுவான். ஒருநாள் அவருடைய உண்மைப் பெயரைக் கேட்டேன். "எதுக்கு ஒனக்கு?" என்றார். அதோடு சரி.

எனக்கு ஹட்டனில் மோட்டார் சைக்கிள் கராஜ். நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். லயத்து ஆள்மேல் கள்ளன் என்று பெயர் விழுந்தால் அவன் கடையைப் பூட்டிவிட்டுப் போகவேண்டியதுதான். கிளாக்கர், டீமேக்கர் மாதிரி ஸ்டாப் வீட்டுப் பிள்ளை களவெடுத்தால் மறதி என்பார்கள். எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

சீல் ஐயாவின் பைக் ஒரு பழைய க்ரூஸர். காலை முன்னே நீட்டி, துரைமார் மாதிரிச் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற சாதி. ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று கொண்டுவந்தார். சிலிண்டரைக் குடைந்து போர் பண்ணினேன், பெரிய பிஸ்டன் போட்டேன், கார்பரேட்டரையும் மாற்றினேன். முடியும்வரை என் பிடரியில் மூச்சுவிட்டுக்கொண்டே நின்றார். முடிந்ததும் ஒவ்வொரு போல்ட்டிலும் சிவப்புக் கோடு போட்டார்.

அப்படியும் பைக் இழுக்கவில்லை. இப்படி மாற்றிக்கட்டிய இஞ்சினை மெஷினில் ஏற்றி ட்யூன் பண்ண வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். அவர் காதில் வாங்கவில்லை. பஜார் முழுக்கச் சொல்லிவிட்டார்: "நல்ல சாமானையெல்லாம் கழட்டிட்டான்." அந்த வாரமே மூன்று பேர் என் கடையிலிருந்து பைக்கைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"வாங்க கொழும்புக்கு. மெஷினே சொல்லட்டும்" என்றேன்.

கொழும்பில் டைனோ என்று ஒரு மெஷின் இருக்கிறது. பைக்கை உருளைமேல் ஏற்றி, கட்டிப்போட்டு, முறுக்குவார்கள். சக்கரம் உருளையைச் சுற்றும். இஞ்சினுக்கு எத்தனை குதிரைவலு என்று திரையில் வரும். சீல் ஐயா டோர்ச்சை அடித்துக்கொண்டு உருளைக்கு அடியில் படுத்துவிட்டார்.

"கீழ யாருடா சுத்துறது?"

"யாரும் இல்லீங்க ஐயா. ஒங்க பைக்குதான் சுத்துது."

"நின்ன எடத்துல நிக்கிற பைக்குக்கு எப்படிடா பலம் தெரியும்?"

மெஷின்காரச் சிங்களப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ட்யூன் பண்ணினான். கார்பரேட்டருக்குள் பெட்ரோல் பாய ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் துண்டு இருக்கும். அதில் ஓட்டை பெரிதாக உள்ளதைப் போட்டான். திரையில் இருபத்தாறு வந்தது. ஐயாவின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து உடனே போய்விட்டது. புறப்படும்போது பையன் ஓட்டை சிறிதான இன்னொரு ஜெட்டை ஒரு பையில் போட்டு நீட்டினான். மலைக்குப் போனதும் இதை மாற்றிக்கொள்ளுங்கள் என்றான்.

ஐயா பையைப் பிடுங்கிக்கொண்டார். "மிச்சமா ஒரு சாமான் எப்படிடா வரும்? உள்ள இருந்து எடுத்ததுதானே? இது சாட்சி." சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

அவர் ஓட்ட, நான் பின்னால். மலையடியில் இருக்கிற கித்துள்கலைவரை பைக் பறந்தது. கினிகத்தேனை ஏற்றத்தில் இருமியது. அப்புறம் கறுப்புப் புகை. ஹட்டனுக்குள் நுழையும்போது ஒரு திரீவீல் ஆட்டோ எங்களை முந்தியது. அதற்குள் ஒரு குடும்பமே இருந்தது.

"எறங்கு. இருபத்தாறும் எங்க?"

"நான் என்ன ஐயா பண்ணேன்? ஒங்க முதுகுக்குப் பின்னாலதானே ஒக்காந்து வந்தேன்!"

"கித்துள்கலையில ஒண்ணுக்குப் போனியே?"

"ஆமா, நான்தான் போனேன். நீங்க பைக்குகிட்டயே நின்னீங்க!"

"அதத்தான் கேக்குறேன். என்னைய அங்க நிக்க வச்சிட்டு நீ எதுக்குப் போனே?"

"மேல வந்தா காத்து கொறஞ்சிரும் ஐயா. பெட்ரோல் கூடிப்போகும். ஒங்க சட்டப்பையில இருக்கிற ஜெட்ட போட்டா சரியாயிரும்" என்றேன்.

"காத்தையும் எடுத்தாச்சா?" என்றார்.

சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். ஒன்றும் விலகவில்லை. அதுவும் பிடிக்கவில்லை. "நகத்தக் காட்டு" என்றார். அழித்துவிட்டு மறுபடி பெயிண்ட் அடித்தேனாம். என் நகத்தில் கிரீஸ்தான் இருந்தது. ஜெட்டைக் கொண்டுபோய் பெக்டரி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மருந்து பெட்டிக்குள், நோயாளி ரோட்டில்.

நான் கடையை மூடுவதென்றே முடிவு பண்ணிவிட்டேன். கடைசி வேலையாக ஒரு பைக்கின் செயினைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஐயா மறுபடி சோதனைக்கு வந்து நின்றார். அவர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற புதுக் கிளாக்கர் அந்த வழியாக வந்தார். நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஐயா சொன்னது சரிதான். இந்த லயத்துக்காரனுங்க கையில குடுத்தா டேங்க்ல பெட்ரோல்கூட மிஞ்சாது."

நான் ஸ்பேனரை எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று கேட்காதீர்கள். அதற்குள் சீல் ஐயா திரும்பினார்.

"லயத்துக்காரனுங்கன்னா யாரு? நான் சந்தேகப்பட்டது இவன ஒருத்தன. லயத்தையா சொன்னேன்?"

"இல்லீங்க ஐயா, பொதுவா..."

"பொதுவா என்ன பொதுவா? நான் தேடிப் பாக்குறவன். இந்தப் பைக்குல ஒவ்வொரு போல்ட்டா தேடிட்டேன். ஒண்ணும் கொறயல. நீங்க எதத் தேடினீங்க? ஒண்ணுமே பாக்காம எப்படி ஒங்களுக்குத் தெரிஞ்சிச்சு?" பிறகு கிளாக்கரை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்க மேலயும் எனக்குச் சந்தேகம் இருக்கு. நாளைக்கு வந்து பாக்குறேன்."

கிளாக்கர் போன வேகத்துக்கு டைனோவே தேவையில்லை.

"ஒண்ணும் கொறயல" என்று அவர் சொன்னதை பஜாரே கேட்டது. மறுநாள் ஜெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். மாற்றினேன். கீழே கொழும்பில் இருந்த பலம் முழுவதும் வராது என்றும் சொன்னேன். ஏற்றத்தில் ஒரே மூச்சில் ஏறிப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"எப்படீங்க?"

"நல்லா இழுக்குது. அதான் யோசனையா இருக்கு."

இப்போது அவர் ஓய்வுபெற்று கண்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். என் கராஜில் கூட்டத்துக்குக் குறைவில்லை. சாவியை மேசையில் எறிந்துவிட்டு டீக்கடைக்குப் போகிறார்கள். அவ்வளவு நம்பிக்கையாம். நான் செய்த வேலையை இப்போதெல்லாம் ஒருத்தரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.