லாபத்தில் நின்றுபோன மெஷின்

வில்லியனூர்
7.2.1979

அன்புள்ள சிங்காரவேலு மாமா அவர்களுக்கு,

அமுதம் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும், நான் தங்கியிருக்கும் வீட்டாரும், முதலாளி குடும்பத்தாரும் சுகம். மெஷின் ஒன்றுதான் சுகமில்லை. அங்கே உங்கள் சுகமும், அத்தை, அம்மா சுகமும், கன்று போட இருந்த சிவப்பு மாட்டின் சுகமும் அறிய விரும்புகிறேன்.

பொங்கலுக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது நீங்கள் சொன்னது நினைவில் இருக்கிறது. தை முடிவதற்குள் இந்த மசாலாக் கம்பெனியில் என் வேலை நிரந்தரமாகாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சோரியாங்குப்பத்துக்கு வந்துவிட வேண்டும், மாசியில் நெட்டப்பாக்கத்துக்காரர்கள் பெண் பார்க்க வருவார்கள் என்றீர்கள். நான் தலையாட்டினேன். சம்மதம் என்பதால் ஆட்டவில்லை. பெரியவர்கள் பேசும்போது எனக்கு வேறு எதுவும் செய்ய வருவதில்லை. எங்கள் முதலாளி தெய்வசிகாமணி அவர்களும் என்னை வேலைக்கு எடுத்தபோது, "லேபிள் மெஷின் ஒண்ணு வருதும்மா. அத்த நீ ஓட்டிக் காட்டு, அன்னிக்கே பர்மனென்ட்" என்று சொல்லியிருந்தார். நான் படித்தது விலங்கியல் என்று மெதுவாகச் சொன்னேன். "சயின்ஸ்தானே?" என்றார். தவளையின் ரத்த ஓட்டத்தைப் படம் போட்டு விளக்கச் சொன்னால் இப்போதும் விளக்குவேன். அதைத்தான் யாரும் கேட்கவில்லை.

மெஷின் போன வாரம் சென்னையிலிருந்து லாரியில் வந்தது. வைக்கோலைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் தையல் மெஷினின் தலை அளவுதான் இருந்தது. கூட வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்ததால் அது என் கைக்கு வந்தது. ஓர் உருளையில் ரப்பர் எழுத்துகளைக் கோக்க வேண்டும், இன்னோர் உருளையில் மை ஊற்ற வேண்டும், பின்னால் பசை தடவிய காகிதச் சுருளை மாட்ட வேண்டும். கைப்பிடியை ஒரு தரம் அழுத்தினால் ஒரு லேபிள் விழும். ஓரத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் இரும்பு நாக்கு இருக்கிறது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் அது எண் சக்கரத்தை ஓர் எண் முன்னே தள்ளும். சக்கரத்தில் இருபத்து நான்கு எண்கள், ஒரு பெட்டிக்கு இருபத்து நான்கு மிளகாய்த்தூள் டப்பாக்கள். டவுனில் எங்களிடம் சரக்கு எடுக்கும் பெரிய அங்காடியில், டப்பாவுக்கு டப்பா தனி எண் இல்லாவிட்டால் இனிமேல் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டதால்தான் இந்த மெஷினே வந்தது. ஒரு மத்தியானம் முழுக்கப் புத்தகத்தையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்து, எழுத்துகளைத் தலைகீழாகக் கோத்து, முகம் பார்க்கும் கண்ணாடியில் சரிபார்த்து, எல்லாம் தயார் என்று முதலாளியிடம் போய் நின்றேன். "இன்னா அவசரம்? வெள்ளிக்கெழம பூசை போட்டுட்டு ஓட்டலாம்" என்றார்.

மாமா, பூசை வரைக்கும் அந்த மெஷினில் ஒரு குறையும் இல்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன், அதாவது யாராவது கேட்டால்.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி எண் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது இன்னா ஒண்ணுன்னு ஆரம்பிக்குது?" என்றார். எண்கள் அப்படித்தான் ஆரம்பிக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே, "களத்துல நெல்லு அளக்கறவன் ஒண்ணுன்னா சொல்றான்? லாபம், ரெண்டு, மூணுன்னுதான அளக்கறான்? மெஷினுக்கு மட்டும் தனி சட்டமா?" என்றார். உடனே பம்புசெட் மெக்கானிக் மரியதாசை அரியூரிலிருந்து வரவழைத்தார்கள். அவர் பிளேடால் ஒன்று என்ற எண்ணைச் சீவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சின்ன ரப்பர் எழுத்துகளில் லாபம் என்று ஒட்டிக் கொடுத்தார். அழகாகவே ஒட்டினார். பிறகு சந்தனம், குங்குமம், கற்பூரம். வண்டியாக இருந்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம். இதற்குத் தரையில் உருளும் சக்கரம் கிடையாது என்பதால் கைப்பிடிக்கு அடியில் வைத்து அழுத்தினார்கள். சாறு பீச்சிப் பசைக் காகிதத்தில் பட்டு, சுருளில் பாதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டையாகிவிட்டது. அதையெல்லாம் உரித்து எறிந்தோம், அது பெரிய விஷயமில்லை. கடைசியில் முதலாளியம்மா கமலவேணி அவர்கள் மஞ்சள் வைத்து முடிந்த கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, கட்டுவதற்கு வாகான இடம் தேடி, அந்த இரும்பு நாக்கைக் கண்டுபிடித்து, மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார்.

ஓட்டினோம். முதல் லேபிளில் லாபம் என்று விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது லேபிளிலும் லாபம் என்றே விழுந்தது. அதற்கும் சிலர் கைதட்டினார்கள். பத்தாவது லேபிளுக்கு மேல் யாரும் தட்டவில்லை. நாக்கைக் கட்டிப்போட்டால் சக்கரம் எப்படி நகரும்? எனக்குத் தெரிந்தது. மரியதாசுக்கும் தெரிந்தது என்பது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றதிலிருந்து தெரிந்தது. ஓரமாகப் போய், "அண்ணே, அந்தக் கயித்த..." என்றேன். "தோ பாரும்மா, மூணு முடிச்சு போட்டு தாலி கணக்கா கட்டி வெச்சிருக்காங்க. நான் மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன். நான் அறுத்தேன்னு வெச்சுக்க, நாளைக்கு கடைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரே என்னத்தான சொல்லும்? நீ அறு" என்றார். டப்பாவில் தூள் அடைக்கும் ராமாயி அக்கா அதைக் கேட்டுவிட்டு, "யம்மாடி, கண்ணாலம் ஆவாத பொண்ண வுட்டு அறுக்கச் சொல்றியே, நீயெல்லாம் நல்லா இருப்பியாய்யா?" என்று சண்டைக்குப் போனார். "அப்ப நீ அறு" என்றார் மரியதாஸ். "நான் ஏன்யா அறுக்கறேன்? எம் புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கான்" என்றார் அக்கா.

கட்டியவரையே கேட்பது என்று வீட்டுக்குள் போனேன். கமலவேணி அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார்.

"அம்மா, அந்தக் கயிறு..."

"கயிறா? இன்னா கயிறு?"

"மெஷின்ல கட்டுனீங்களே, அது..."

"ஆமா, அதுக்கின்னா?"

"நல்லா இருக்குங்கம்மா."

"கோகிலாம்பா சன்னதில வெச்சு எடுத்தாந்தது. அது தானா இத்துப்போய் உழற வரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்று சொல்லி, கையில் இரண்டு முறுக்கும் கொடுத்து அனுப்பினார். இதுதான் நான் பேசிய லட்சணம், மாமா. நெட்டப்பாக்கத்துக்காரர்களிடம் பெண்ணுக்கு அடக்கம் அதிகம் என்று நீங்கள் சொல்லியிருந்தால், அது உண்மைதான்.

முதலாளி மிளகாய் எடுக்கக் குண்டூர் போய்விட்டார். திங்கட்கிழமை சரக்கு போயாக வேண்டும். ஆகவே அத்தனை டப்பாவிலும் அப்படியே ஒட்டினோம். பெட்டி பெட்டியாக லாபம், லாபம், லாபம் என்று மாட்டு வண்டியில் டவுனுக்குப் போனது. நேற்று அந்த அங்காடியின் மேனேஜர் சுப்புராயன் அவ்வளவு பெட்டிகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு தானே வந்து இறங்கினார். "நம்பர் போட்டுக் குடுங்கன்னா லாபம்னு போட்டுக் குடுக்கறீங்க. வாங்கறவன் 'யாருக்கு லாபம்?'னு கவுண்டர்ல நின்னு கேக்கறான். நான் இன்னா பதில் சொல்றது?" என்று கேட்டார். ஊரிலிருந்து அப்போதுதான் திரும்பிய முதலாளி என்னைப் பார்த்தார். நான், கூலி வாங்க வந்திருந்த மரியதாசைப் பார்த்தேன். மரியதாஸ் கூரையைப் பார்த்தார். கமலவேணி அம்மா மோர் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். "மெஷின் ஓட்டத் தெரியாத பொண்ண வெச்சுக்கினு நான் இன்னா பண்றது? இந்த மாசத்தோட நிறுத்திக்கம்மா" என்றார் முதலாளி. சரி என்று நான் தலையாட்டினேன்.

ஆகையால் மாமா, மாசி பிறந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து என்னை அழைத்துப்போகவும். தகரப் பெட்டி ஒன்றும், புத்தக மூட்டை ஒன்றும் இருக்கும். பாகூர் பஸ்ஸில் ஏற்றிவிடலாம். நெட்டப்பாக்கத்துக்கும் சொல்லி அனுப்பிவிடுங்கள். நான் அழவில்லை என்று அம்மாவிடம் சொல்லவும். அழுதால் மை கலைந்துவிடும், இது மெஷினுக்கு வந்த மை, தண்ணீர் பட்டால் நிற்காது.

அத்தைக்கும் அம்மாவுக்கும் என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு முத்தம். மாட்டைத் தடவிக்கொடுக்கவும்.

தங்கள் சொல்லுக்கு அடங்கிய
அமுதம்

பின்குறிப்பு: தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் மூன்று நாள் மேஜை மேலேயே கிடந்தது. இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனமில்லாததால் கீழே தொடர்கிறேன். திரும்பி வந்த பெட்டிகளை முதலாளி வாசலில் அடுக்கி வைத்திருந்தார். வியாழக்கிழமை சந்தைக்கு வந்த அரிசிக்கடைக்காரர் ஒருவர் அதைப் பார்த்து, கல்லாப்பெட்டி மேல் வைக்க ஒரு டப்பா கேட்டார். அடுத்து ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, சோடாக்கடை. மிளகாய்த்தூள் யாருக்கும் வேண்டாம், டப்பாதான் வேண்டும். நல்லவாட்டிலிருந்து படகுக்காரர்கள் வந்து பெட்டியோடு எடுத்துப்போனார்கள். நேற்று சுப்புராயன் சாரே, மச்சான் புதுக்கடை திறக்கிறார் என்று சொல்லிப் பின்வாசல் வழியாக வந்து ஒன்று வாங்கிக்கொண்டு போனார். அங்காடிக்கும் மறுபடி சரக்கு அனுப்பச் சொன்னார், எண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இன்று காலை முதல் நான் பர்மனென்ட். மெஷினை இலவசமாகச் சரிபார்க்கச் சென்னைக் கம்பெனியிலிருந்து ஆள் வரப்போகிறாராம். அவரை மெஷினுக்கும் அந்தக் கயிற்றுக்கும் பக்கத்தில் விடாமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை. இதற்கு வாய் திறந்து பேச வேண்டியிருக்கும், பழகிக்கொண்டிருக்கிறேன். உதாரணமாக, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவேண்டாம். நெட்டப்பாக்கத்துக்கும் சொல்லி அனுப்ப வேண்டாம். தனியாக ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன், பெண்ணுக்குப் பதிலாக அதை அவர்களிடம் கொடுத்துவிடவும். இல்லை, வந்துதான் தீருவேன் என்றால் வாருங்கள், ஆனால் மடியில் பாக்குவெட்டி இருந்தால் வாசலிலேயே என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே வரவும்.