பிரேசில் மாஸ்டரின் நகராத ஊர்வலம்

காரைக்குடியில் கல்யாண ஊர்வலத்தை நடத்தத் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். நிறுத்தத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் பிரேசில் மாஸ்டர். பெரிய டிரம்மை வயிற்றில் மாட்டிக்கொண்டு மனிதர் தெருமுனையில் நின்றுவிட்டால், தேர்வடம் போட்டு இழுத்தாலும் நகர மாட்டார்.

செக்காலைப் பக்கம் பேண்டு செட்டு வைத்திருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்திருக்குமா என்பது சந்தேகம். இளம் வயதில் சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவர். கப்பல் பழுதாகி பிரேசில் துறைமுகத்தில் நின்றபோது அங்கே கார்னிவல் திருவிழா. ஊரே தெருவில் இறங்கி நாலு நாள் ஆடியதாம். வெங்காயம் உரிக்கப் போன மனிதர் டிரம்மோடு திரும்பி வந்தார்.

அறுபதுகளின் கடைசியில் நான் ஒரு மில் ஆபீசில் குமாஸ்தா. செக்காலையில் ஒரு லாட்ஜில் வாசம். லாட்ஜுக்குக் கீழே டீக்கடை. சாயங்காலம் மாஸ்டர் அங்கே வந்து உட்கார்ந்தால் கார்னிவல் ஆரம்பமாகிவிடும்.

"ராஜா கணக்கா கிரீடம் வச்சு ஒருத்தன் வாரான். நான் கையெடுத்துக் கும்பிட்டுட்டேன். உத்துப் பாத்தா, காலையில எங்க கப்பலுக்கு மீன் கொண்டாந்த பய!"

"பொம்பளையாளுகளும் ஆடுவாகளா மாஸ்டர்?" என்று டீக்கடைக்காரர் நூறாவது தடவையாகக் கேட்பார்.

"என்ன இப்புடிக் கேட்டுப்புட்டீக? சம்பா ஆட்டம்யா அது! தலையில மூணு முழத்துக்கு இறகு வச்சுக்கிட்டு ஊரே ஆடும். வேடிக்கை பாக்க ஒரு ஆளு கெடையாது. நம்ம ஊர்ல? மாப்பிள்ளையில இருந்து மாடு வரைக்கும் வேடிக்கைதான் பாக்குது."

"நீங்களும் ஆடுனீகளா?"

"நாலு நாளும்!" என்பார் மாஸ்டர், மீசையைத் தடவிக்கொண்டு.

பிரேசில் இறகுக்குக் காரைக்குடியில் எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை சந்தையில் எல்லோரும் கோழி வாங்கிப் போக, இவர் மட்டும் இறகு கேட்டு வாங்கிப் போவார். வான்கோழி அறுத்த வாரம் முகத்தில் தனிக் களை. சிவப்புக் கோட்டும் இறகுத் தொப்பியுமாகச் செட்டு தெருவில் இறங்கினால், நாய்கள் எல்லாம் நம்பிக்கையோடு பின்னால் வரும்.

ஒரு தடவை தொண்ணூறு தாண்டிய ஒரு செட்டியார் போய்ச் சேர்ந்தார். கல்யாணச் சாவு, அதனால் பேண்டு உண்டு. மாஸ்டர் பாதி வழியில் தன்னை மறந்து சம்பா தாளத்துக்கு மாறிவிட்டார். தூக்கி வந்தவர்களின் காலும் மாறியது. பாடை இடமும் வலமுமாக அசைய, பெரியவரின் மகன் பதறிப்போய் ஓடிவந்தார்.

"நிப்பாட்டுய்யா! அப்பச்சி எந்திரிச்சு உக்காந்துறப் போறாக!"

இந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் எவ்வளவு மெதுவாகப் போகிறதோ அவ்வளவு கௌரவம். இரண்டு தெருவைக் கடக்க ஒரு மணி நேரமாவது ஆனால்தான் பெரிய இடம். எங்கள் ஊர் நெற்குப்பையிலிருந்து வந்த என் அப்பா, "இந்த ஊர்ல ரொம்ப நேரம் எடுத்துக்கிற செட்டு எது?" என்று விசாரித்திருக்கிறார். ஊரே ஒரே திசையில் கை காட்டியிருக்கிறது. வெற்றிலை பாக்கு கொடுத்த பிறகுதான் எனக்குச் சேதி வந்தது.

கல்யாணம் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் தாலி ஏறியாக வேண்டும். என் மாமனாரோ, ரயில் தாமதமாக வந்தால் ஸ்டேஷன் மாஸ்டரோடு பேச்சை முறித்துக்கொள்கிறவர்.

பிள்ளையார் கோயிலிலிருந்து எட்டரைக்குக் கிளம்பினோம். நான் திறந்த காரில், கழுத்து கொள்ளாத மாலையோடு. மாஸ்டருக்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொரு முனையிலும் செட்டு வட்டம் போட்டு நிற்கும். யாராவது ஒருவர் உள்ளே வந்து ஆடினால்தான் அடுத்த அடி. மற்ற கல்யாணங்களில் எவனாவது ஒரு மச்சினன் குதித்துவிடுவான். எங்கள் வகையறாவில் ஆடுவது என்றால் சாமி வந்தால்தான். சாமி வருகிற அத்தை ஒருத்தி உண்டு. அன்றைக்கென்று அவளுக்கும் வரவில்லை. முதல் இரண்டு முனையில் தெருக்காரர்கள் யாரோ இரக்கப்பட்டு ஆடினார்கள். கடைசி முனையில் ஒருவரும் அசையவில்லை. மணி பத்து.

மாமனார் பெண் வீட்டிலிருந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"யோவ் மாஸ்டர், நகருய்யா! பிள்ளை மணையில உக்காந்திருக்கு!"

"ஒரே ஒருத்தர் ஆடட்டும்யா. ஓட்டமாவே வந்துர்றேன்."

மணி பத்து ஐந்து. மாமனார் என்னைப் பார்த்த பார்வையில், பெண்ணை மணையிலிருந்து எழுப்பிவிடுவார் என்று தோன்றியது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாஸ்டரைக் காருக்கு அருகே கூப்பிட்டேன்.

"என் கல்யாணத்தைக் கெடுத்துறாதீக மாஸ்டர். நாலு நாள் ஆடுன ஆளு, இங்குட்டும் நீங்களே ஆடிட்டு நகர வேண்டியதுதானே?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் ஆடலை தம்பி. அம்புட்டும் பொய்யி. ஒரு அம்மா, எங்க அப்பத்தா வயசு இருக்கும், கையப் புடிச்சு வா வான்னு இழுத்துச்சு. வெக்கப்பட்டுக்கிட்டு உருவிட்டு ஓடியாந்துட்டேன். மறுநா கப்பல் கெளம்பிருச்சு. அன்னையில இருந்து தெருத்தெருவா அடிக்கிறேன். ஒவ்வொருத்தரா இழுத்து விடுறேன். என் காலு மட்டும் வர மாட்டேங்குது."

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. காரை விட்டு இறங்கினேன். டிரம்மைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற செட்டுக்காரரிடம் கொடுத்து அடிக்கச் சொல்லிவிட்டு, மாஸ்டரின் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்தேன். உருவப் பார்த்தார். விடவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே ஆட்டம் பஸ்ஸில் இடம் பிடிக்கிற ஆட்டம்தான். அதையே ஆடினேன். மாஸ்டரும் ஆடினார். பெரிய ஆட்டமில்லை, ஒரு கால் பயந்து, ஒரு கால் துணிந்து. மூன்றாவது சுற்றில் தொப்பி விழுந்தது. மனிதர் குனியக்கூட இல்லை. மாமனாரின் கட்டை விரல் தாளம் போட்டதை நான் பார்த்தேன். கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்புறம் ஓட்டம்தான். பத்து இருபதுக்குப் பெண் வீட்டு வாசலில் நின்றோம். ஆலத்தி சுற்றும்போது திரும்பிப் பார்த்தேன். வியர்வையும் கண்ணீருமாக, மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார் மாஸ்டர். அவர் மேல் எனக்கு அப்படியொரு பிரியம் பொங்கியது. ராகுகாலம் கிடக்கட்டும், இன்னும் ஒரு தெரு இருந்திருக்கலாம் என்று தோன்றியது.