புகையாத வீடு சம்மதம்

காடு முடிகிற இடத்தில் ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு மன்னர் எதையும் தன் இஷ்டத்துக்குச் செய்தவர் அல்ல. எல்லாவற்றையும் குடிமக்களைக் கேட்டே செய்தார். அதனால்தான் முரசுச் சத்தம் கேட்டாலே குடிமக்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கேட்கிற முறை இதுதான். கஜானாவில் துண்டு விழுந்தால் ஒரு கேள்வியை முரசறைந்து சொல்வார்கள். குறித்த நாளில், உச்சிப்பொழுதுக்கு, அதிகாரிகள் அரண்மனை மாடத்தில் ஏறி நின்று ஊரைப் பார்ப்பார்கள். எந்தக் கூரையில் புகை எழுகிறதோ அந்த வீடு வேண்டாம் என்கிறது. புகையாத வீடு சரி என்கிறது. மறுக்கிறவன்தானே சிரமப்பட வேண்டும், சம்மதிக்கிறவனை அரசு எதற்குச் சிரமப்படுத்துவது என்று கருவூல அமைச்சர் மாநிதியார் விளக்கம் சொல்லியிருந்தார். கேட்டவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது.

முதல் கேள்வி காட்டைப் பற்றியது. குடிகள் விறகு பொறுக்குவதைத் தடுத்து, மரத்தை அயல்நாட்டுக்கு விற்கலாமா? அன்றைக்கு எல்லார் வீட்டிலும் விறகு கிடந்தது. ஆனால் உச்சிப்பொழுதில் வீட்டில் இருக்க யாருக்கு வாய்த்தது? ஆணும் பெண்ணும் குவாரியில் கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்புகள் காலையிலேயே அணைந்துவிட்டிருந்தன. ஊர் முழுக்கச் சம்மதம். காட்டுக்குப் பூட்டு விழுந்தது.

மரம் விற்ற பணத்தில், புகை இன்னும் துலக்கமாகத் தெரியட்டும் என்று மாடத்தை ஒரு நிலை உயர்த்திக் கட்டினார்கள். அதில் மறுபடி துண்டு விழுந்தது. பஞ்சத்துக்குக் கொடுத்துவந்த கேழ்வரகை நிறுத்தலாமா என்று இரண்டாம் கேள்வி வந்தது. இந்தத் தடவை பலபேர் கூலியை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார்கள். எரிக்கத்தான் ஒன்றும் இல்லை. செத்தையும் சருகும் போட்டு ஊதிய புகை, கூரையைத் தாண்டுவதற்குள் காற்றில் கலைந்துபோனது.

"கேழ்வரகு வேண்டாம் என்று மக்களே சொல்லிவிட்டார்கள். என்ன தியாகம்!" என்று மாநிதியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் கேள்வி வேலிக்காவலைப் பற்றியது. மரத்தை வெட்டிய பிறகு காட்டில் செந்நாய்களுக்கு இரை இல்லை. கூட்டம் கூட்டமாக ஊர் விளிம்புக்கு வந்தன. தீப்பந்தமும் தப்பட்டையுமாக விடியும்வரை வேலியோரம் நடக்கிற காவலர்கள்தான் அவற்றை அண்டவிடாமல் வைத்திருந்தார்கள். அந்தக் காவலைக் கலைத்துவிடலாமா என்று முரசு கேட்டது.

வேலியை ஒட்டிய தெருவில் ஒச்சம்மாள் இருந்தாள். குவாரியில் கல் உடைப்பவள். புருஷன் அதே குவாரியில் பாறை சரிந்து போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர்களுக்கும் செந்நாய்க்கும் நடுவில் இருந்தது அந்தக் காவல் ஒன்றுதான்.

"விறகுக்கு எங்கடி போறது?" என்றாள் அடுத்த வீட்டுச் சீரங்கி.

"கதவு இருக்குல்ல."

"அடி கூறுகெட்டவளே! கதவ எரிச்சிட்டு ராத்திரிக்கு எத சாத்துவ? உன் முந்தானையவா?"

"எல்லா வீடும் புகைஞ்சா காவல் நிக்கும். காவல் நின்னா கதவு எதுக்கு?"

"ஒருத்தரு ரெண்டு பேரு எரிக்காம உள்ள வச்சுக்கிட்டா?"

ஒச்சம்மாள் சீரங்கியின் கதவைப் பார்த்தாள். சீரங்கி அவள் கதவைப் பார்த்தாள்.

குறித்த நாளில் யாரும் குவாரிக்குப் போகவில்லை. தெரு நெடுகக் கதவுகளைக் கழற்றிச் சுவரில் சார்த்தியிருந்தார்கள். ஆனால் யார் கையும் கோடரிக்குப் போகவில்லை. ஒவ்வொருவரும் அடுத்த கூரையைப் பார்த்தபடி நின்றார்கள். நிழல் காலடிக்குள் சுருங்கிக்கொண்டே வந்தது.

"அம்மா, நம்ம கதவு என்னா தப்பு பண்ணுச்சு?" என்று சின்னவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

ஒச்சம்மாள் கோடரியை ஓங்கிப் போட்டாள். பனம்பலகை விண்டது. அடுப்பில் திணித்துத் தீ வைத்துவிட்டு வெளியே ஓடிவந்து கத்தினாள்.

"சீரங்கீ! நான் வச்சிட்டேன்டீ!"

ஒரு சத்தமும் இல்லை. எரிந்ததை இனி ஒட்டவைக்க முடியாது. பிறகு சீரங்கி வீட்டுக்குள் கோடரி விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் எதிர்வீட்டில். அப்புறம் தெரு முழுக்க.

மாடத்தில் மாநிதியார் திடுக்கிட்டார். "ஊரில் தீப்பிடித்துவிட்டதா?"

"இல்லை பிரபு. மறுக்கிறார்கள்."

"இவ்வளவு விறகா வைத்திருக்கிறார்கள்? பஞ்சம் என்று அழுதார்களே!"

அதிகாரிகள் தெருவில் மட்டும் விடிவதற்கு முன்பே சமைத்து முடித்து, அடுப்பில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அது ஒரே ஒரு தெரு. மற்றபடி வானமே தெரியவில்லை.

பொழுது சாயும்போது முரசு வந்தது.

"குடிமக்களின் தீர்ப்பை மன்னர் தலைவணங்கி ஏற்றுக்கொண்டார். வேலிக்காவல் நீடிக்கும்."

தெரு குலவையிட்டது. சீரங்கி ஒச்சம்மாளைக் கட்டிக்கொண்டு, "உன் கதவு புகைஞ்ச புகையில என் கண்ணே அவிஞ்சுபோச்சுடி, பாவி," என்று அழுதுகொண்டே சிரித்தாள். முரசடிப்பவன் இன்னும் நகரவில்லை. குலவை அடங்கட்டும் என்று காத்து நின்றான்.

"கஜானாவில் விழுந்த துண்டு விழுந்தபடியே இருப்பதால், இதே கேள்வி நாளை உச்சிப்பொழுதில் மறுபடி கேட்கப்படும்."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இருட்டத் தொடங்கியதும் காவல்காரன் விருமன் பந்தத்தோடு வந்தான். அவனும் அந்தத் தெருக்காரன்தான். திறந்துகிடந்த வீடுகளுக்குள் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே நடந்தான்.

"இன்னிக்கு ராவுக்கு நான் இருக்கேன் மதினி. தைரியமாப் படுங்க."

"நாளைக்கு?"

"நாளைக்கு நீங்கதான சொல்லணும்."

வேலிக்கு அப்பால் ஒரு செந்நாய் சீழ்க்கை அடித்தது. வேறொரு பக்கமிருந்து இன்னொன்று அதற்குப் பதில் கொடுத்தது. ஒச்சம்மாள் பிள்ளைகளை உள்சுவரோரம் கிடத்திவிட்டு, வாசலுக்குக் குறுக்கே தான் படுத்துக்கொண்டாள். தலைக்கு மேலே, கூரையைத் தாங்கிக்கொண்டிருந்த உத்திரம் நல்ல வேம்பு. பிளந்து போட்டால் ஒரு உச்சிப்பொழுது தாராளமாகப் புகையும்.

"ஒச்சம்மா," என்று அடுத்த வாசலிலிருந்து சீரங்கியின் குரல் வந்தது. "மேல பாத்துக்கிட்டா கெடக்க?"

"ஆமா. நீ?"

"நானுந்தான்."