எதற்கும் இன்னொரு படம்

எதற்கும்காரர் என்ற மனித இனத்தை என்னைப் போல் அறிந்தவர் தமிழ்நாட்டில் வேறு யாரும் கிடையாது. ஆயிரம் பேரையாவது கிட்டத்தில் வைத்து ஆராய்ந்திருக்கிறேன். சரி, ஆயிரம் என்பது கொஞ்சம் ஜாஸ்தி. தமிழ்நாடு என்பதும் கொஞ்சம் ஜாஸ்தி. திருவண்ணாமலை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதிலும் பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கம். ஆனால் ஒருவரை முழுசாகப் பார்த்தால் மீதிப் பேரையும் பார்த்த மாதிரிதான். அவர்களுக்குள் வித்தியாசம் கிடையாது.

யார் இந்த எதற்கும்காரர்? வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பவரா? இல்லை, அது நீங்களும் நானும். இழுத்துப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டி, மாட்டிய செருப்பைக் கழற்றி, மறுபடி இழுத்து, அதுவும் மனசுக்கு ஒப்பாமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நீங்களும் எதுக்கும் ஒரு தரம் இழுங்க" என்று சொல்லி, அந்த மனிதர் ஊக்கத்தோடு இழுத்த இழுப்பில் கொண்டியே கதவை விட்டுப் பெயர்ந்து வந்ததும், "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று எல்லோரையும் பார்த்துத் தலையாட்டுவாரே, அவர்தான்.

இவரைப் பயந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்தவன் தானே பயந்து தானே ஓடுவான். எதற்கும்காரர் ஓடமாட்டார். ஓட்டுக்கூரையில் தேள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது அவர். ஏணியில் ஏறுவது இன்னொருவர். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்பது அவர்; இறங்குவது இன்னொருவர். ஏறியவன் விழுந்தால் அதற்கும் ஒரு சொல் வைத்திருப்பார்: "நல்லவேளை, எதுக்கும் கீழே வைக்கோல் போடச் சொன்னேன்." போட்டதும் இன்னொருவர்தான்.

இந்த இனத்தில் உயர்ந்த ரகம் ஒன்று உண்டு. எண்பதுகளின் நடுவில் நம் ஊரில் வாழ்ந்த தரணேந்திரன் அந்த ரகம்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நிலபுலன் உள்ள சமணக் குடும்பம். நன்றாகப் படித்தவர். கடலோரத்து அணுமின் நிலையம் ஒன்றில் பெரிய உத்தியோகம். விடுமுறைக்கெல்லாம் திருவண்ணாமலை வீட்டுக்கு வந்துவிடுவார். என்ன உத்தியோகம் என்கிறீர்களா? அணு உலையில் ஏதாவது ஒரு குழாயோ தொட்டியோ பழுதாகிப் பற்றவைத்தால், அந்த வெல்டிங்குக்குள் குறை உண்டா, உண்டென்றால் இருந்துவிட்டுப் போகட்டுமா, அல்லது அறுத்தெடுத்து மறுபடி பற்றவைக்க வேண்டுமா என்று தீர்ப்புச் சொல்லும் உத்தியோகம். சர்க்கரை மூட்டைக்குள்ளேயே ஒரு எறும்பு பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

விஷயம் சுலபம்தான். இரும்பை உருக்கி ஒட்டும்போது உள்ளே ஒரு துளி காற்று மாட்டிக்கொள்ளும், இட்லிக்குள் கண் கண்ணாக இருக்கிற மாதிரி. நம் எலும்பைப் படம் எடுப்பது போல வெல்டிங்கையும் படம் எடுத்தால் அது கரும்புள்ளியாகத் தெரியும். உருண்டையான சின்னப் புள்ளி என்றால் காற்றுக்குமிழி, அளவுக்குள் இருந்தால் ஒன்றும் செய்யாது, விட்டுவிடு. கூரான கோடு என்றால் விரிசல், மயிரிழை என்றாலும் விடாதே. விதிப்புத்தகம் இவ்வளவு தெளிவாகச் சொல்கிறது. காரணமும் சொல்கிறது: நன்றாக இருப்பதை அறுத்து மறுபடி சூடு காட்டினால், பக்கத்து இரும்பு இழுபட்டு, இல்லாத விரிசல் புதிதாக வந்து சேரும். தரணேந்திரனுக்கு இது தெரியாதா? தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார். ஒப்பித்து முடித்துவிட்டு, "எதுக்கும்..." என்று ஆரம்பிப்பார்.

வீட்டிலும் அதே தீர்ப்பு மண்டபம்தான். அவர்கள் வீட்டு வழக்கப்படி தண்ணீரை வடிகட்டித்தான் குடிப்பார்கள். நல்ல வழக்கம். இவர் வடிகட்டிய தண்ணீரை வடிகட்டி, வடிகட்டிய துணியைத் துவைத்து, துவைத்த தண்ணீரையும் வடிகட்டச் சொல்வார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதும் வழக்கம். நம் ஊரிலோ மேற்கே மலை. சூரியன் நிஜமாக மறைவதற்கு வெகு நேரம் முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். அது மறைவில் சேர்த்தியா இல்லையா என்று ஊரில் யாரும் தூக்கம் கெட்டதில்லை. இவர் மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று நல்ல வெயிலிலேயே தட்டின் முன் உட்கார்ந்துவிடுவார். ஒரு வருஷம் தம்பி சாந்திகுமார் விதைக்கு வைத்திருந்த மல்லாட்டையை, அதாவது உங்கள் வேர்க்கடலையை, பருப்பு உள்ளே நன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார். எல்லாமே முதல் தரம். அத்தனையும் நல்ல விதை என்று தீர்ப்புச் சொன்னபோது விதைக்க ஒன்றும் மீதி இல்லை.

இதெல்லாம் சிரிக்கிற சங்கதி. இனி வருவது வேணுவின் சங்கதி. வேணுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வேணு அதே அணுமின் நிலையத்தில் பழுதுபார்க்கும் பிரிவின் இன்ஜினீயர். நிலையத்தை நிறுத்திவிட்டு, உலைக்குப் பக்கத்தில் குனிந்தே போகவேண்டிய ஓர் இடுக்கில், ஒரு குழாயின் கழுத்தை அறுத்துப் புதிதாகப் பற்றவைத்திருந்தார்கள். பற்றவைத்தவர் சின்னசாமி, அந்த மாதிரி இடுக்கில் படுத்துக்கொண்டு வெல்டிங் செய்ய அவரை விட்டால் ஆள் இல்லை. அங்கே போகிறவர் உடம்பில் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கதிர்வீச்சு ஏறும். ஒருவருக்கு ஒரு வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று பங்கு உண்டு. சட்டையில் மாட்டிய பட்டை கணக்குக் காட்டிவிடும். சின்னசாமியின் பங்கு விளிம்புக்கு வந்திருந்தது. மறுபடி அறுத்துப் பற்றவைக்க வேண்டும் என்று போய்ச் சொன்னால் அவர் மாட்டேன் என்று சொல்லமாட்டார். அதுதான் வேணுவின் கவலையே.

வெல்டிங்குக்குப் படம் எடுத்தாயிற்று. படத்தோடு வந்த தாளில் மூவர் கையெழுத்திட வேண்டும். இருவர் பார்த்துப் போட்டுவிட்டார்கள். மூன்றாமவர் தரணேந்திரன்; அவர் லீவில் இருந்தார், அவர் கையெழுத்துக்கு லீவு கிடையாது. ஆகவே வேணு படங்களை அட்டைக்குள் வைத்து, அட்டையை மடியில் வைத்து, செங்கல்பட்டு, திண்டிவனம், செஞ்சி என்று பஸ் மாறி மாறி வெயில் சாயும் நேரத்துக்கு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

"நல்லா இருக்கீங்களா சார்?"

"இருக்கேன்னுதான் டாக்டர் சொல்றாரு. எதுக்கும் இன்னொரு டாக்டர்கிட்ட காட்டலாம்னு இருக்கேன். உக்காரு."

உள்ளிருந்து வந்த அவர் மனைவி சுனந்தா தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். "குடிப்பா. எத்தினி தரம் வடிகட்டினதுன்னு மட்டும் கேக்காத."

தரணேந்திரன் ஜன்னலோரம் போய்ப் படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த துணியை மோந்து பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"இங்க ஒரு புள்ளி இருக்குதே."

"இருக்குதுங்க சார். காத்துக்குமிழி. உருண்டையா, அளவுக்குள்ள இருக்குது. ரிப்போர்ட்லயே எழுதியிருக்கோம்."

"குமிழியா? விரிசலோட வாலா?"

"வாலுன்னா கூரா இருக்கணும் சார். இது மிளகு மாதிரி இருக்குது."

"மிளகுலயும் காம்பு இருக்கும்யா." இன்னும் கிட்டத்தில் பிடித்தார். "படம் வேற மூட்டமா இருக்குது."

"அந்த எடத்துல கதிர் ஜாஸ்தி சார், ஃபிலிம் கொஞ்சம் மூட்டமாத்தான் விழும். அதனாலதான் வேற வேற பக்கத்துலேர்ந்து எடுத்திருக்கோம். எல்லாத்துலயும் உருண்டைதான். மத்த ரெண்டு பேரும் பாத்துக் கையெழுத்து போட்டுட்டாங்க."

"அவங்க போடுவாங்க. அவங்களுக்கென்ன, அவங்களுக்கு அப்புறம் நான் இருக்கேன்."

"உங்களுக்கு அப்புறம் யாரும் இல்லையே சார்."

"அதான்யா பயமே."

இந்த ஓர் இடத்தில் மனிதர் உண்மை பேசிவிட்டார். கடைசிக் கையெழுத்துக்காரனின் பயம் லேசானதல்ல. அதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அந்தப் பயத்தைத் தீர்த்துக்கொள்ள யாருடைய உடம்பு செலவாகிறது என்பதுதானே கேள்வி?

சுனந்தா எட்டிப்பார்த்தாள். "ஏங்க, வெயிலு மலை மேல ஏறிடுச்சு. தட்டு வெச்சிட்டேன். தம்பி, நீயும் வா."

"இரு சுனந்தா, படம் பாக்க வெளிச்சம் வேணும்."

"பாக்கட்டும் பாக்கட்டும்." சுனந்தா வேணுவின் பக்கம் திரும்பினாள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தவரு, எதுக்கும் எதுக்கும்னு வந்துக்கினே இருந்தாரு. கடைசியில எங்கப்பா வாசல்லயே நின்னு, ‘மாப்ளே, இன்னும் பாக்கணும்னா பொண்ணக் கூட்டிக்கினு போய் உங்க வூட்லயே வெச்சிப் பாத்துக்கோங்க’ன்னுட்டாரு. அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆச்சு. இன்னும் பாத்துக்கினுதான் இருக்காரு."

தரணேந்திரன் இதைக் காதில் வாங்கவில்லை. தீர்ப்பு உருவாகிக்கொண்டிருந்தது. "வேணு, எதுக்கும் இன்னொரு படம்..."

"எடுத்தாச்சுங்க சார். இதே இன்னொரு படம்தான். லீவுக்குக் கிளம்பறப்பவே நீங்க சொன்னீங்க."

"அப்ப ஒண்ணு செய். அறுத்து எடுத்துட்டு மறுபடி பத்தவெச்சிடு. மனசுக்கு நிம்மதி."

யார் மனசுக்கு என்று அவர் சொல்லவில்லை. வேணுவின் கண்முன் சின்னசாமி முகமூடியை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், அந்த இடுக்குக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தார். நல்ல வெல்டிங்கை அறுக்க. அறுத்த இடத்தில் சூடு ஏறிப் புது விரிசல் வந்தால் அதையும் அறுக்க. வரும் வழியெல்லாம் அவன் விதிப்புத்தகத்தின் பக்கங்களை மனசில் ஒத்திகை பார்த்து வந்தான். இவரிடம் விதி பேசி ஜெயித்தவன் உண்டா? ஜன்னல் கம்பியில் வெயில் மங்கிக்கொண்டு வந்தது. அவனுக்கு வேறொரு யோசனை வந்தது.

"சரிங்க சார். மறுபடி பண்ணிடலாம்," என்றான், ரொம்ப மரியாதையாக. "எதுக்கும் நீங்களும் கூட வந்துடுங்க."

"எங்க?"

"உள்ளாறதான் சார். அறுத்து எடுக்கறப்போ உள்ள இருக்கறது குமிழியா விரிசலானு நேர்ல தெரிஞ்சுடும். படத்துல இருக்கற மூட்டம் கண்ணுல இருக்காது. சின்னசாமி அறுக்கட்டும், நீங்க பக்கத்துல படுத்துக்கினு பாத்துடுங்க. உங்க பங்கும் அப்படியே முழுசா இருக்குது, இந்த வருஷம் நீங்க உள்ள போகவே இல்லையே."

தரணேந்திரன் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "நானா? எனக்கு முதுகு..."

"மெத்தை போட்டுடலாம் சார்."

தரணேந்திரன் படத்தை மறுபடி ஜன்னலுக்குத் தூக்கினார். பூதக்கண்ணாடி இல்லாமலே பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். வாசகர்களே, ஒரு குமிழியின் அளவு, அதைப் பார்க்கிறவர் நாளைக்கு எங்கே படுக்கப்போகிறார் என்பதைப் பொறுத்து மாறும் என்று எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. சேர்த்திருக்கலாம்.

"உருண்டையாத்தான் இருக்குது," என்றார்.

"ஆமாங்க சார்."

"காம்பு இருக்கற மாதிரி தெரிஞ்சுது. ஜன்னல் கம்பி நிழல்."

"இருக்கும் சார்."

"விதிப்படி பாத்தா விட்டுடணும். தேவையில்லாம அறுத்தா இரும்பு இழுபடும்ல? இந்தக் காலத்துப் பசங்களுக்கு அவசரம், எதையெடுத்தாலும் அறுக்கணும்கறீங்க." பேனாவை எடுத்தார். ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார். எழுதியது. எதற்கும் இன்னொரு பேனாவை எடுத்தார். அதுவும் எழுதியது. கையெழுத்து விழுந்தது, மலைக்கு மேல் சூரியன் இன்னும் ஒரு விரல்கடை மிச்சம் இருந்தது.

தட்டில் இருந்ததை நிம்மதியாகச் சாப்பிட்டான் வேணு. பிறகு அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, செஞ்சி வரை தனியாகச் சிரித்துக்கொண்டே போனான். சின்னசாமி அந்த வருஷம் மறுபடி உள்ளே போகவில்லை. குழாயின் கழுத்துக்கும் ஒரு கேடும் வரவில்லை.

இதைப் படித்துக்கொண்டு வந்தபோது உங்கள் மாமனாரையோ மேலதிகாரியையோ நினைத்துச் சிரித்திருப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வாயிலிருந்து கடைசியாக ‘எதுக்கும்’ என்ற சொல் எப்போது வந்தது? அதற்குப் பிறகு எழுந்து போனது நீங்களா? இல்லையென்றால், உங்களை நான் பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கத்துக் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டேன்.

இவ்வளவையும் சுனந்தாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"மத்ததெல்லாம் சரிதான். வேணு நேரா பஸ் ஏறிட்டான்னு எழுதியிருக்கீங்களே, அது மட்டும் தப்பு. போனவன் திரும்பி வந்துட்டான். ‘அம்மா, சார் தேதிய சரியா போட்டாரானு எதுக்கும் ஒரு தரம் கேட்டுடுங்க’ன்னு நின்னான். இவரு அப்ப மொட்டை மாடியில காத்து வாங்கிக்கினு இருந்தாரு. முட்டி வலியோட படியேறிப் போயி அவரைக் கூட்டியாந்தது யாருன்னு நெனைக்கிறீங்க?"