கொம்பஸ் நானாவும் நேர் மேற்கும்

புத்தளக் கரையோரத்தில் மலை கிடையாது. உப்புக் குவியல்தான் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் மலையேறுபவர்களுக்கு வரைபடமும் திசை காட்டும் கொம்பஸும் படிப்பிக்கலாம் என்று நினைத்த மனிதர், உலகத்திலேயே எங்கள் கொம்பஸ் நானா ஒருவராகத்தான் இருக்க முடியும். எங்கள் பக்கம் நானா என்றால் அண்ணன்; வாப்பா வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

நில அளவைக் கந்தோரில் சங்கிலி பிடித்து ஓய்வுபெற்றவர். வாயைத் திறந்தால் பாகைதான். ஒரு கலியாண வீட்டில் யாரோ கை கழுவ இடம் கேட்டதற்கு, "வாசலிலயிருந்து நூத்தி நாப்பது பாகை, பதினெட்டுக் காலடி" என்றார். கேட்டவர் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

வகுப்பு சனிக்கிழமை காலையில், கரைத்தீவுப் பக்கம் உப்பளத்து ஓரத்தில். முதல் வேலையாக எங்கள் கைபேசிகளை வாங்கி பிஸ்கட் டின்னில் போட்டு மூடுவார். என்னையும் சேர்த்து மாணவர்கள் ஐந்து பேர். நான் புவியியல் ஆசிரியர் என்பதால் படிக்கப் போகவில்லை. பிழை பிடிக்கப் போனேன்.

"இத மலையெண்டு நெனைங்க" என்று உப்புக் குவியலைக் காட்டுவார்.

"நானா, மலையில காகம் நிக்கிது."

"நிக்கட்டும் சேர். நீங்க சம உயரக் கோட்டப் பாருங்க."

எட்டு மாதம் உப்பைச் சுற்றிய பிறகு, உண்மையான மலைக்கு வேன் பிடித்தோம். வழியில்தான் மனிதர் மெதுவாகச் சொன்னார், தானும் இதுவரை மலை ஏறியதில்லையாம். நல்ல காலம், வேன் பாதி தூரம் வந்திருந்தது. "நாங்க வழி பிழைச்சா ஊர் சிரிக்கும் சேர். பொறகு வகுப்புக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க" என்றார். அந்த வகுப்பைத் தவிர அவருக்கு வேறொன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

உச்சிக்குப் போனதும் பனிமூட்டம் இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை; கைபேசிகள் கீழே வேனில், பிஸ்கட் டின்னுக்குள். நானா கொம்பஸை வைத்து, மக்காவை நோக்கித் தொழும் திசையான கிப்லாவைப் பார்த்துச் சொன்னார், மதிய லுஹர் தொழுதோம். இறங்கும்போது வழி காட்டுவது என் முறை. நேர் மேற்கே நடக்க வேண்டும். நான் படித்த மனிதன் அல்லவா, கொம்பஸைப் பையில் போட்டேன். தொழுத பக்கம்தானே மேற்கு, அதற்கு எதற்குக் கருவி?

எங்கள் ஊரில் மேற்கென்றால் கிப்லா, கிப்லா என்றால் மேற்கு. ஆனால் மக்கா எங்களுக்கு நேர் மேற்கில் இல்லை, இருபது பாகைக்கு மேல் வடக்கே சாய்ந்திருக்கிறது. வருடா வருடம் கரும்பலகையில் உலகப்படம் தொங்கவிடுகிற எனக்கு அது தோன்றவில்லை. அரை மணித்தியாலம் கம்பீரமாக நடத்திப் போய், எல்லோரையும் ஒரு பள்ளத்தின் விளிம்பில் நிறுத்தினேன். இன்னும் ஒரு அடி வைத்திருந்தால் இந்தப் பத்தியை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள்.

நானா முழங்கால் வலியோடு கடைசியில் வந்தார். கையில் தஸ்பீஹ் மணிமாலை உருண்டுகொண்டிருந்தது. இறைவனை நினைத்து திக்ர் செய்கிறார் என்று நினைத்திருந்தோம். மனிதர் மாலையின் ஒரு மணிக்கு நூறு காலடியாக எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்.

"பதினாலு மணி, இன்னும் முப்பது காலடி. திரும்புங்க, தொழுத எடத்துக்கே போவோம்" என்றார். அவ்வளவுதான். ஒரு வசவு கிடையாது. தொழுத இடத்திலிருந்து கொம்பஸைப் பிடித்துத் தானே முன்னால் நடந்து, பின்னேர அஸர் தொழுகைக்கு முன் எங்களை வேனில் கொண்டுவந்து சேர்த்தார்.

"ஏன் இவ்வளவு சுணக்கம்?" என்று சாரதி கேட்டான்.

"நான் மேற்கப் பிழையாச் சொல்லிட்டன்" என்றார் நானா.

நான் வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்து அமத்தினார். "நாளைக்குப் பிள்ளையளுக்கு முன்னால நிக்கிறது நீங்க சேர். பேசாம இரிங்க."

நானும் பேசாமல் இருந்தேன். அந்த விஷயத்தில் நான் கெட்டிக்காரன்.

மறுநாளே தேநீர்க் கடைகளில் கதை ஓடியது. கொம்பஸ் நானாவுக்கே மேற்குத் தெரியாதாம். ஐந்து மாணவர்களில் நான் ஒருவன்தான் மிஞ்சினேன். எனக்கு முன்னாலேயே அவரைக் கேலி செய்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார்.

என் மாணவர்கள் இதை வாசிக்கட்டும். மேற்கைப் பிழைவிட்டது உங்கள் புவியியல் சேர். சிரிப்பதென்றால் இனி என்னைப் பார்த்துச் சிரியுங்கள். வருகிற சனிக்கிழமையும் நான் உப்பளத்துக்குப் போவேன். அந்த மனிசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.