தயிர் சாதத்தில் விழுந்த கிளிப்

"மறுபடியுமா?"

மகாதேவன் போட்ட சத்தத்தில் எதிர் ஃப்ளாட்டின் கதவு திறந்து மூடியது.

சாப்பாட்டு மேஜையில் அவருடைய மகள் ஸ்ரீலேகா கையை நீட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் ஒரு தயிர் சாதப் பருக்கை. அதன் பக்கத்தில், அவள் பல்லோடு ஒட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்திருக்க வேண்டிய சின்ன உலோகத் துண்டு. போன மாதமும் இப்படித்தான் ஒன்று விழுந்தது.

"என்னத்தைக் கடிச்சே? உண்மையைச் சொல்லு."

"தயிர் சாதம்ப்பா. நீங்கதான் எதிர்ல உக்காந்து பாத்துண்டே இருக்கேளே!"

"தயிர் சாதத்துல கிளிப் கழண்டு விழுமோ? ஷ்யாமளா, கேட்டியோ? தயிர் சாதமாம்!"

"குழைய வடிச்ச சாதம்" என்றாள் ஷ்யாமளா, தட்டிலிருந்து தலை நிமிராமல். "என் சமையலை எதுக்கு வம்புக்கு இழுக்கறேள்?"

ஸ்ரீலேகாவின் கண்கள் நிறைந்துவிட்டன. டிசம்பரில் அவளுக்கு அரங்கேற்றம். அதற்குள் கிளிப்பை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு துண்டு கழன்று விழும்போதும் அந்த நாள் தள்ளிப்போனது. கம்பி தெரியக் கூடாது என்று உதட்டை இறுக்கிக்கொண்டே ஒத்திகையில் ஆடுவதால், கண்ணனைக் கண்டு சிரிக்க வேண்டிய இடத்தில் பல்வலி வந்தவள் மாதிரி நிற்கிறாள் என்று டான்ஸ் டீச்சர் வேறு சொல்லிவிட்டார்.

மகாதேவனுக்குத்தான் தாங்கவில்லை. கிளிப் போட்ட நாளிலிருந்து அந்தப் பல்வரிசையை அவர் சொந்தப் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர். கம்பிக்கு இடையில் நுழையும் பொடி பிரஷ்ஷால் அவள் ஒழுங்காகத் தேய்க்கிறாளா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். கம்பி கன்னத்தில் குத்தினால் வைக்கிற மெழுகு அவருடைய ஆபீஸ் பையிலேயே இருக்கும். ஆப்பிளைக் காகிதம் மாதிரி சீவிக் கொடுப்பார். காலையில் ஆபீஸுக்கு லோக்கல் ரயிலைப் பிடிப்பதற்கு முன் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை. யார் பேருக்கு என்று அர்ச்சகர் கேட்டால், "ஸ்ரீலேகா, பூச நட்சத்திரம், மேல் பல்வரிசை" என்பார். வீட்டுக்கு ஓடி வந்து, ஸ்கூல் பஸ்ஸுக்குக் கிளம்பும் பெண்ணை வாசலில் மறித்து, நெற்றியில் விபூதியும் வாயில் பிரசாதமும் கொடுத்து அனுப்புவார். இவ்வளவு செய்தும் விழுகிறது என்றால், யாரோ துரோகம் செய்கிறார்கள்!

செம்பூர் கிளினிக்கில் பல் டாக்டர் கீதா துண்டை மறுபடி ஒட்டினார். "ஸார், இவ எதையோ அழுத்தமா கடிச்சிருக்கா. பசை அன்னிக்கே விட்டிருக்கும். துண்டு விழறது அப்புறம் எப்ப வேணா விழும். தயிர் சாதம் சாப்பிடறப்பகூட."

"எங்காத்துல அழுத்தமா கடிக்கற மாதிரி ஒண்ணுமே கிடையாது டாக்டர்! நீங்க சொன்னபடி ஒட்டற பண்டம்கூடக் கிடையாது."

"நல்லது. ஆனா இன்னும் ஒண்ணு கழண்டா, டிசம்பரை மறந்துடுங்கோ. கம்பியோடதான் மேடை."

"வீட்டுல இல்லேன்னா ஸ்கூல்லதான்" என்று மகாதேவன் முடிவு கட்டினார். மறுநாள் அரை நாள் லீவ் போட்டுவிட்டு நேராக ஸ்கூல் கேன்டீனில் போய் நின்றார்.

"சிக்கி வெச்சிருக்கீரா ஐயா?"

கேன்டீன் நடத்தும் பூதத்தான் உற்சாகமாக நிமிர்ந்தார். "இருக்கு ஸார். நம்மூரு கடல மிட்டாய் மாதிரி வேர்க்கடல சிக்கி, எள்ளு சிக்கி. எது வேணும்?"

"என் பொண்ணுக்கு எதை வித்தீர்?"

"கம்பிப் பல்லு போட்டிருக்குமே, டான்ஸ் ஆடுற புள்ள, அதா? அது நம்ம கடையில சர்பத்தத் தவிர ஒண்ணையும் தொடாது ஸார். அதையும் ஐஸ் போடாமத்தான் கேக்கும். நல்லா வளத்திருக்கீய."

"எனக்கே ஐஸ் வைக்கிறீரா? பிரின்சிபால்கிட்ட கம்ப்ளைன்ட் கொடுக்கறேன் பாரும்!"

கொடுத்தார். பிரின்சிபால் நடவடிக்கை எடுத்தார். மறு வாரமே கேன்டீனில் சிக்கி, மொறுமொறு காரி பிஸ்கட், வறுத்த பட்டாணி எல்லாம் நிறுத்தப்பட்டன. பதிலுக்கு முளைகட்டிய பயறு வந்தது. அது யாருடைய அப்பாவின் கைங்கரியம் என்பது இன்டர்வெல் முடிவதற்குள் பரவிவிட்டது. ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் ஸ்ரீலேகாவோடு பேச்சை நிறுத்தியது.

"அப்பா, ப்ளீஸ்! பஸ்ஸுல என் பக்கத்து சீட்டுல ஒருத்திகூட உக்கார மாட்டேங்கறா!"

"நல்லதாப் போச்சு. வேண்டாததை நீட்ட ஆள் இல்லை" என்றார் மகாதேவன்.

அடுத்த சோதனை வீட்டிலேயே நடந்தது. சமையலறை மேல்தட்டில் ஒரு டின் முறுக்கு அகப்பட்டது.

"ஷ்யாமளா! இது என்னது?"

"முறுக்கு. நான் ஆபீஸ்லேர்ந்து வந்து காப்பியோட ஒண்ணு கடிச்சுப்பேன். அதுக்குமா?"

"பாம் வெச்சிருக்கே ஆத்துக்குள்ள! குழந்தை பாத்தா ஆசைப்படாதா?"

"அவ ஆசைப்படறதெல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். அப்பா கொஞ்ச நாள் சும்மா இருக்கணும்."

டின் அப்படியே வாட்ச்மேனிடம் போனது. அப்பளம் போனது, வடை போனது. ஓரம் முறுகிவிடுமோ என்று சந்தேகப்பட்டதால் தோசையும் போனது. ஷ்யாமளா கரண்டியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

"நீங்களே பண்ணுங்கோ. நான் ஆபீஸ் கேன்டீன்ல சாப்ட்டுக்கறேன்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் காலையில் கஞ்சி, இரவில் கரைத்த சாதம். மகாதேவனுக்கு பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. சளைக்கவில்லை. கோயிலில் அர்ச்சனை இரட்டிப்பானது. "கீழ் பல்வரிசையையும் சேத்துக்கோங்கோ" என்றார். அர்ச்சகர் அதற்குத் தனியாக ஒரு தட்டு என்றார். பிரசாதமும் இரட்டிப்பாக வீட்டுக்கு வந்தது. பஸ் ஹாரன் அடிக்க அடிக்க, பெண்ணை வாசலில் நிறுத்தி இரண்டு பங்கும் வாயில் போட்டார்.

அந்த வாரக் கடைசியில், கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஸ்ரீலேகா திடீரென்று அசையாமல் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகக் கையை நீட்டினாள்.

இந்தத் தடவை உள்ளங்கையில் இரண்டு துண்டுகள் இருந்தன. மேலே ஒன்று, கீழே ஒன்று.

"கஞ்சிப்பா" என்றாள் அழுகையினூடே. "சத்தியமா கஞ்சிதான்."

மகாதேவனுக்குப் பொறி தட்டியது. பெண் நிரபராதி, ஸ்கூல் சுத்தம், வீடு சுத்தம். மீதி இருப்பது யார்? ஒட்டியவர்!

மறுநாள் விடியற்காலையில் பிள்ளையாருக்கு விசேஷ அபிஷேகம் செய்துவிட்டு, பிரசாதப் பையோடும் பெண்ணோடும் செம்பூருக்கு டாக்ஸி பிடித்தார். ஷ்யாமளாவும் ஏறிக்கொண்டாள், டாக்டரைக் காப்பாற்ற.

கிளினிக்கில் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார். "என்ன பசை டாக்டர் போடறேள்? மைதாமாவா? என் பொண்ணு கஞ்சி குடிக்கறா, கழண்டு விழறது! கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போறேன். வக்கீல் நோட்டீஸ் வரும்!"

டாக்டர் கீதா ஸ்ரீலேகாவின் வாயைப் பொறுமையாகப் பார்த்தார். "பசையில தப்பே இல்லை ஸார். கல்லு மாதிரி எதையோ கடிச்சிருக்கா. தினமும் கடிக்கறா. ஏம்மா, ஹார்டா ஏதாவது சாப்பிடறியா?"

"இல்லவே இல்லை ஆன்ட்டி."

"ஸாரிம்மா. டிசம்பர் நடக்காது."

ஸ்ரீலேகா சத்தமில்லாமல் அழுதாள். அதைப் பார்த்ததும் மகாதேவனின் குரல் இன்னும் உயர்ந்தது. "யாரையும் விட மாட்டேன்! என் குழந்தையோட அரங்கேற்றத்தைக் கெடுத்தது யாரோ, அவா பேரைப் போட்டு நோட்டீஸ் அனுப்பாம எனக்குத் தூக்கம் கிடையாது!"

கத்திக் கத்தி மூச்சு வாங்கியது. ரிசப்ஷனில் இருந்த பிரேமலதா ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள். தாராவிப் பெண், யார் என்ன கத்தினாலும் சிரித்த முகத்தோடு இருப்பாள். அவளைப் பார்த்ததும் மகாதேவனுக்குக் கொஞ்சம் வெட்கம் வந்தது.

"உன்மேல கோபம் இல்லேம்மா. இந்தா, பிள்ளையார் பிரசாதம். வாயில போட்டுக்கோ. தினமும் இவ பல்லுக்காகத்தான் அர்ச்சனை பண்றேன்."

பையிலிருந்து ஒரு கை அள்ளி அவள் கையில் வைத்தார். பிரேமலதா கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே வாயில் போட்டுக் கடித்தாள்.

கடக்!

உள்ளே கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த டாக்டர் கீதா தலையை வெளியே நீட்டினார். ஷ்யாமளா மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். பிரேமலதா தாடையைப் பிடித்துக்கொண்டு, வாயிலிருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முற்றிய தேங்காய்ச் சில்லு ஒன்று. நெல்லிக்காய் அளவில் கட்டிக் கல்கண்டு ஒன்று. கூடவே, அவளுடைய கடைவாய்ப் பல்லில் போன வருஷம் டாக்டர் அடைத்த சிமென்ட்.

"இதைத் தினமும் இவளுக்குக் குடுக்கறேளா?" என்றார் டாக்டர்.

"பிரசாதம் டாக்டர்! பிரசாதம் சாப்பாட்டுல சேத்தியா?" மகாதேவனுக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. "வெல்லம் பல்லுல ஒட்டும்னு நீங்க சொன்னதுனால நானே யோசிச்சுக் கல்கண்டா மாத்தினேன்! பஸ் வந்துடறதேன்னு, சீக்கிரம் கடிச்சு முழுங்குடின்னு பக்கத்துலயே நின்னு..."

மகாதேவன் பிரசாதப் பையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

தாடையிலிருந்து கையை எடுக்காமலே பிரேமலதா கேட்டாள்:

"அப்போ அந்த வக்கீல் நோட்டீஸ ஒங்க வீட்டுக்கு அனுப்பணுமா ஸார், இல்ல பிள்ளையார் கோயிலுக்கா?"