ஒரே பெட்டியில் இரண்டு அடைக்கோழிகள்

"ஒரு அடுப்படிக்கு ஒரு அதிகாரம்தான். ரெண்டு வந்தா வீடே ரெண்டாயிடும்" என்று அப்பா அறிவித்தபோது அவர் வாயில் பிரஷ் இருந்தது. நுரையோடு சொன்னாலும் முடிவு முடிவுதான் என்பது அவர் கொள்கை.

விஷயம் சித்தி, அம்மாவின் தங்கை. சித்தப்பா கப்பல் வேலைக்குப் போய்விட்டார். சித்திக்கு எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. தவழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக எப்படிச் சமாளிப்பாள்? எங்கள் பின்னறை சும்மாதான் கிடக்கிறது. அம்மா கேட்டாள், அப்பா மறுத்தார். இடம் இல்லையென்றால் சித்திக்கு வேலையும் இல்லை.

அம்மா அழவில்லை. குழம்பில் உப்பைக் கூட்டவில்லை. "சரிங்க" என்றாள், அவ்வளவுதான். அம்மா 'சரிங்க' என்றால் விஷயம் அதோடு முடியவில்லை என்று அர்த்தம். பத்தாவதோடு படிப்பை நிறுத்தின எனக்கே புரிகிறது, லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாவுக்குப் புரியவில்லை.

அந்த வாரம்தான் கொல்லையில் கரிச்சட்டி அடை உட்கார்ந்தது. கன்னங்கரேல் கோழி, அதனால் அந்தப் பெயர். மறுநாள் பார்த்தால் அதே மரப்பெட்டிக்குள் மொட்டைக்கழுத்தியும் இருந்தது. கழுத்தில் ஒரு இறகு கிடையாது, திமிரில் மட்டும் குறைச்சல் கிடையாது. பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவது ஆள் ஒட்டிக்கொண்ட மாதிரி இரண்டும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன். எனக்கு என்ன தெரியும்?" என்றாள் அம்மா. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கோழி வளர்க்கிறவள் அவள்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு, நடுவில் நின்றுபோன லிஃப்ட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார். மதில் மேல் பக்கத்து வீட்டு டெய்லர் அக்காவின் தலை முளைத்தது.

"அண்ணே, ரெண்டையும் பிரிச்சிடுங்க. கொத்திக்கிட்டு முட்டையெல்லாம் நாசமாப் போயிடும்."

அந்த அக்கா மழை பெய்கிறது என்றால் அப்பா குடையை மடக்குவார்.

"எதுக்குப் பிரிக்கணும்?"

"ரெண்டு தாய் ஒரு இடத்துல சரிப்படாதுண்ணே."

"யார் சொன்னது? மனசு இருந்தா சரிப்படும். அதுங்க ஒண்ணாத்தான் இருக்கும். எவன் பிரிக்கிறான்னு பார்க்கிறேன்."

அம்மாவின் துடைப்பம் ஒரு நொடி நின்றது. பிறகு பெருக்கியது.

அன்றிலிருந்து அப்பா கோழிகளின் வக்கீல். சும்மா சொல்லக்கூடாது, அதுகளும் அப்படித்தான் இருந்தன. கரிச்சட்டி இரை பொறுக்கப் போனால் மொட்டைக்கழுத்தி உடம்பை அகல விரித்து எல்லா முட்டையையும் மூடிக்கொள்ளும். இது இறங்கினால் அது. குஞ்சு பொரித்த பிறகு எது யார் பிள்ளை என்று அதுகளுக்கே தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசைப்படவில்லை. ஒருநாள் காக்கை இறங்கியது. கரிச்சட்டி குஞ்சுகளை இறக்கைக்குள் வாரிக்கொண்டது. மொட்டைக்கழுத்தி பாய்ந்த வேகத்தில் காக்கை ஒரு இறகை விட்டுவிட்டு ஓடியது. பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்றார்.

"என்ன ஒத்துமை பாருங்க" என்றாள் அம்மா. "மனுஷங்களுக்கு வருமாங்க?"

"ஏன் வராது?"

"பெரிய மனசுள்ள ஆம்பளை இருக்கிற வீட்ல வரும். எல்லா வீட்லயுமா இருக்காங்க?"

அப்பாவின் சட்டை மார்பில் இறுகியது. "உன் தங்கச்சிக்குப் போனைப் போடு."

"வேணாங்க. ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்னு இருக்கிறவரு நீங்க."

"போடுன்னா போடு. இந்த வீட்ல முடிவெடுக்கிறது நானா நீயா?"

"நீங்கதாங்க."

இடுப்பில் செருகியிருந்த போனை அம்மா வீடு முழுக்கத் தேடினாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் குழாயடிக்குப் போய்விட்டேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே சித்தி வந்து இறங்கினாள். இடுப்பில் பிள்ளை, தோளில் ஒரு கைப்பை.

"வாம்மா, இது முழுக்க முழுக்க என் முடிவு" என்றார் அப்பா. "பெட்டி படுக்கை எல்லாம் எங்கே?"

மதில் மேல் முதலில் ஒரு பெரிய டிரங்குப் பெட்டி ஏறியது, அதன் பின்னால் டெய்லர் அக்காவின் தலை.

"ஒரு கை பிடிங்கண்ணே. கோழி அடை உட்கார்ந்த அன்னைக்கே என் வீட்ல வந்து இறங்கினது, என் தையல் மெஷினுக்கே இடம் இல்ல."